தண்ணீர் ஊற்றலாமா, வேண்டாமா? மதுரை வெயிலிலும் மழையிலும் இன்குபேட்டர் ஈரப்பதம்

போன கார்த்திகையில் இன்குபேட்டரில், அதாவது முட்டை பொரிக்கும் பெட்டியில், 24 நாட்டுக்கோழி முட்டை வைத்தேன், ஒன்பது குஞ்சுதான் வந்தது. ஏழாம் நாள் லைட் அடித்துப் பார்த்தபோது கூமுட்டை மூன்றே மூன்று. மீதி 21-லும் சிவப்பு நரம்பு சிலந்தி வலை மாதிரி ஓடியிருந்தது. அப்படியானால் 12 குஞ்சு முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருக்கிறது. 22-ஆம் நாள் சாயங்காலம் கொல்லையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்தேன். மனசு கேட்கவில்லை, ஆனால் உடைத்துப் பார்க்காமல் காரணம் தெரியாது. குஞ்சுகள் பொதபொதவென்று ஊதி, திரும்பக்கூட இடமில்லாமல், அலகு நீரில் முங்கிக் கிடந்தன. முட்டையின் பெரிய முனையில் இருக்க வேண்டிய காற்றறை ஒரு ரூபாய்க் காசளவுகூட இல்லை. பெட்டியோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தபடி இரண்டு பள்ளத்திலும் முதல் நாளிலிருந்தே தண்ணீரை நிரப்பி வைத்தேன். வெளியிலும் அடைமழை. குஞ்சுகளை நானே மூழ்கடித்திருக்கிறேன்.

அதற்கு முந்தைய சித்திரையில் நடந்தது நேர் எதிர். தண்ணீரே வேண்டாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு உலர்வாக ஓட்டினேன். குஞ்சு ஓட்டைக் கொத்தி ஓட்டை போட்டது, அதோடு சரி. உள்சவ்வு காய்ந்து அப்பளம் மாதிரி இறக்கையோடு ஒட்டிப் போயிருந்தது. பாவம் பார்த்து மூடியைத் திறந்து திறந்து உதவப் போனேன். திறந்த ஒவ்வொரு தடவையும் மற்ற முட்டைகளின் சவ்வும் சேர்ந்து காய்ந்தது.

ஒரே பெட்டி, ஒரே அறை, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அதே வீடு. எந்த முறை நல்லது என்று கேட்டால், எந்த மாதம் வைக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் வழியாக முட்டை தினமும் கொஞ்சம் நீரை இழக்கும், இழந்தே ஆக வேண்டும். இழந்த இடத்தில்தான் காற்றறை வளர்கிறது. 20-ஆம் நாள் வாக்கில் குஞ்சு அலகை அந்த அறைக்குள் நீட்டித்தான் முதல் மூச்சு விடும். வைத்த நாளிலிருந்து 18-ஆம் நாளுக்குள் எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைந்தால் சரியான அளவு. அதைவிடக் குறைவாகக் குறைந்தால் என் கார்த்திகைக் கதை, கூடுதலாகக் குறைந்தால் சித்திரைக் கதை. ஈரப்பதம் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்வதெல்லாம் இந்த எடையைச் சரியான வேகத்தில் குறைய விடுவதற்காகத்தான்.

பொதுவாகச் சொல்லும் கணக்கு, முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 75 வரை. மின்விசிறி உள்ள பெட்டிக்கு வெப்பம் 37.5 டிகிரி. விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.5 வாக்கில் இருக்க வேண்டும். உலர் முறைக்காரர்கள் முதல் 18 நாளை 25 முதல் 40 சதவீதத்துக்குள் ஓட்டி, கடைசியில் மட்டும் ஏற்றுவார்கள். இரண்டு பக்கமும் நல்ல பொரிப்பு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டின் தடிமனும் முட்டையின் அளவும் ஊருக்கு ஊர், கோழிக்குக் கோழி மாறும். நம் சிறுவிடை நாட்டுக்கோழியின் முட்டை சின்னது. சின்ன முட்டை பெரிய முட்டையைவிட வேகமாகக் காயும். அசில், பெருவிடை மாதிரிப் பெரிய கோழிகளின் முட்டையோடு அதைக் கலந்து வைத்தால் இரண்டுக்கும் பொதுவான ஓர் எண்ணைப் பிடிப்பது கஷ்டம்.

நம்மூர்க் காற்று இதில் என்ன செய்கிறது என்று பாருங்கள். காற்றைச் சூடாக்கினால் அதிலுள்ள நீராவி குறையாது, ஈரப்பதச் சதவீதம் மட்டும் இறங்கும். கத்திரி வெயிலில் மத்தியானம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்று 37.5 டிகிரிப் பெட்டிக்குள் 31 சதவீதமாக நிற்கும். அதே சித்திரையில் ராத்திரி 31 டிகிரி, 60 சதவீதம் என்றால் பெட்டிக்குள் 42. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 26 டிகிரி, 90 சதவீதக் காற்று உள்ளே போனால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே 47. நான் அதன் மேல் இரண்டு பள்ளம் நிறையத் தண்ணீரும் ஊற்றினேன்!

ஆகவே முதல் வழி, தண்ணீரே ஊற்றாமல் 18 நாளை ஓட்டுவது. மழைக்காலத்தில், அதாவது அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை, மதுரையில் இதுதான் என் முதல் தேர்வு. செலவில்லை, பூஞ்சை இல்லை, நாற்றம் இல்லை. ஆனால் பங்குனி, சித்திரை, வைகாசியில் பெட்டிக்குள் ஈரப்பதம் பகல் முழுக்க 30-ஐ ஒட்டி நின்றால் சின்ன முட்டை தாங்காது. ஆடிக் காற்று அடிக்கிற நாளிலும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். ஏசி போட்ட அறையில் பெட்டியை வைத்திருக்கிறவர்களுக்கு மழைக்காலமும் கோடைதான். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியே சொட்டவிடுகிறது.

இரண்டாவது வழி கிண்ணம் அல்லது தட்டு. பெரும்பாலோர் செய்வது இதைத்தான், பெரும்பாலோர் தப்பாகச் செய்வதும் இதைத்தான். ஆழத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. காற்றைத் தொடுகிற பரப்புதான் கணக்கு. அரை லிட்டர் சொம்பு நிறைய ஊற்றினாலும் வாயகலம் சின்னதென்றால் ஈரம் ஏறாது. அதே தண்ணீரை அகலமான தட்டில் விரல் தடிமனுக்கு ஊற்றிப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் ஈரப்பதமானியின் முள் நகரும். நான் மூன்று அளவில் வைத்திருக்கிறேன்: ஒரு சட்னிக் கிண்ணம், ஒரு இட்லித் தட்டு அளவு, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஈரம் கூட வேண்டுமானால் தண்ணீரின் அளவைத் தொட மாட்டேன், பாத்திரத்தை மாற்றுவேன். மானாமதுரை மண்சட்டியின் மூடி ஒன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். மண் தண்ணீரை உறிஞ்சி விளிம்பிலும் அடியிலும் சேர்ந்து ஆவியாவதால், அதே அளவு எவர்சில்வர் தட்டைவிடக் கூடுதலாக ஈரம் தருகிறது. ஆனால் நாலு நாளில் பாசி வாடை அடிக்கும். மண்பாத்திரம் வைத்தால் இரண்டு வாங்கி, ஒன்றை வெயிலில் காயப்போட்டு மாற்றி மாற்றி வையுங்கள்.

குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். பானைத் தண்ணீர் ஊற்றினால் பெட்டியின் சூடு சட்டென்று இறங்கி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பல்பை விடாமல் எரியவிட்டு, பிறகு எகிறும். கை பொறுக்கிற வெதுவெதுப்பில், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். மூடியைத் திறக்காமல் ஊற்ற, தெர்மாகோல் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை போட்டு ட்ரிப் ட்யூபைச் செருகி, தட்டுவரை விட்டிருக்கிறேன். வெளியிலிருந்து சிரிஞ்சால் ஏற்றுவேன். இந்த ஏற்பாட்டுக்கு எனக்கு ஆன செலவு ஒரு டீக்காசு. கடைசி மூன்று நாளில் இது இல்லாமல் நான் முட்டை வைப்பதே இல்லை.

ஸ்பாஞ்ச், துணித் திரி எல்லாம் தட்டின் தம்பிகள்தான். தட்டு வைக்க இடமில்லாத சின்னப் பெட்டியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் பரப்பு பல மடங்காகும். நம் போர் தண்ணீரின் உப்பு இரண்டு வாரத்தில் அதை மொறமொறவென்று ஆக்கிவிடும், அவ்வளவுதான் குறை. மழைத் தண்ணீரோ ஏசியில் சொட்டும் தண்ணீரோ பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்றலாம்.

மூன்றாவது வழி கொஞ்சம் பெரிய செலவு: ஈரப்பதக் கட்டுப்பாட்டுக் கருவியும் மிஸ்ட் மேக்கரும். எக்ஸ்எம்-18 மாதிரி ஒரே பலகையில் வெப்பம், ஈரப்பதம், முட்டை திருப்புவது மூன்றையும் பார்த்துக்கொள்கிற கருவிகள் கிடைக்கின்றன. ஈரம் நாம் வைத்த எண்ணுக்குக் கீழே போனால் மிஸ்ட் மேக்கரின் அல்ட்ராசானிக் வட்டு அதிர்ந்து தண்ணீரைப் புகையாக்கி உள்ளே ஊதும். நூறு முட்டைக்கு மேல் வைக்கிறவர்களுக்கு, காலையில் வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. 24 முட்டைப் பெட்டிக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சின்னப் பெட்டியில் இரண்டு நிமிடம் புகை வந்தாலே 50-லிருந்து 80-க்குத் தாவும். புகை குளிர்ந்தது, ஆகவே சூடும் ஆடும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் முட்டை மேலெல்லாம் வெள்ளைத் தூசி படிந்து, வட்டும் உப்பேறி அடங்கிப்போகும். எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்த்தால் திரும்ப வேலை செய்யும். ஆனால் 19-ஆம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கு ஆசை? பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் இல்லாத நாளில் மிஸ்ட் மேக்கரும் தூங்கிவிடும். தட்டுத் தண்ணீருக்கு கரண்ட் வேண்டாம்.

அந்தக் கருவி சென்சாரை நம்பித்தான் ஓடுகிறது. விலை குறைந்த பெட்டிகளில் வரும் டிஎச்டி-11 சென்சார் ஐந்து சதவீதம் மேலே கீழே காட்டலாம் என்று அதைச் செய்கிறவர்களே சொல்கிறார்கள். டிஎச்டி-22 கொஞ்சம் மேல், இரண்டு சதவீதத்தில் நிற்கும். என் பெட்டியின் திரை 55 காட்டியபோது உள்ளே உண்மையில் 63 இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், உப்புச் சோதனை. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் தனியாக வாங்கிய ஈரப்பதமானியையும் காற்று புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இப்படிச் சரிபார்த்த மானியை இன்குபேட்டருக்குள் வைத்துத் திரையோடு ஒப்பிட்டால் திரையின் பொய் தெரிந்துவிடும். மானியும் வேண்டாம் என்றால் சாதாரணத் தெர்மாமீட்டர் இரண்டு போதும். ஒன்றின் அடியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, நுனியைத் தண்ணீரில் தொங்கவிட்டு, விசிறிக் காற்று படுகிற இடத்தில் வையுங்கள். உலர்ந்தது 37.5 காட்டும்போது ஈரத் துணி சுற்றியது 29 காட்டினால் ஈரப்பதம் 53, 32 காட்டினால் 68. இதில் பழுதாக எதுவும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு நான் அதிகம் நம்புவது சமையலறைத் தராசைத்தான். என் அப்பத்தா அடைவைக்கும்போது கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் வைத்து, இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று ஓர் இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் சொருகுவாள். என் இரும்புத் துண்டு இந்தத் தராசு. ஒரு டஜன் சிறுவிடை முட்டை வைக்கிற அன்று 504 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீதம் என்றால் 18 நாளில் 60 கிராம் போக வேண்டும். அந்த வேகத்தில் ஏழாம் நாள் 23, 24 கிராம் குறைந்திருக்க வேண்டும், பதினாலாம் நாள் 47. ஏழாம் நாள் 17 கிராம்தான் குறைந்திருந்தால் தண்ணீரை வெளியே எடுத்துவிடுங்கள். 30 குறைந்திருந்தால் பெரிய தட்டுக்கு மாறுங்கள். மொத்தமாக நிறுப்பதால் ஒரு கிராம் காட்டும் தராசே போதும், நகைக்கடைத் தராசு தேவையில்லை.

ஒரு சிக்கல் உண்டு. ஏழாம் நாள் கூமுட்டையை எடுத்தால் கணக்கு குழம்பும். அதனால் வைக்கிற அன்றே ஒவ்வொரு முட்டையையும் நிறுத்து, ஓட்டின் மேல் பென்சிலால் எடையை எழுதுகிறேன் (பேனா மை வேண்டாம், ஓடு உறிஞ்சும்). எடுத்த முட்டையின் முதல் நாள் எடையை மொத்தத்தில் கழித்துவிட்டு மீதியை நிறுக்கலாம். ஒரு தடவை 43 என்று எழுதியிருந்த முட்டையை எங்கள் வீட்டுப் பிள்ளை விலை என்று நினைத்து வாயைப் பிளந்தான். நிறுப்பதற்கு வெளியே எடுப்பதால் குளிர்ந்துவிடாதா என்றால், தாய்க்கோழியே தினமும் கால் மணி, இருபது நிமிடம் இரை தின்ன எழுந்து போகிறது. பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது.

எடை பார்க்க ஆரம்பித்த பிறகு, போன தை மாதம் 24 வைத்ததில் 20 கரு பிடித்தது, 17 குஞ்சு எடுத்தேன். அந்த முறை முதல் வாரம் சட்னிக் கிண்ணம், இரண்டாம் வாரம் ஒன்றும் இல்லை, கடைசியில் பெரிய தட்டு. பெட்டிக்குள் சராசரி எத்தனை சதவீதம் ஓடியது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. நான் எழுதி வைக்கவில்லை.

18-ஆம் நாள் வந்ததும் முதல் 18 நாளின் வழிகளெல்லாம் ஒன்றாகிவிடும். உலர் முறையோ தட்டோ, யாராக இருந்தாலும் இப்போது ஈரத்தை 65-க்கு மேல் ஏற்ற வேண்டும், முட்டை திருப்புவதை நிறுத்த வேண்டும், மூடியை மூட வேண்டும். ஈரம் ஏறவில்லையே என்று காற்றுத் துளையை அடைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதைச் செய்யாதீர்கள். இந்த மூன்று நாளில்தான் குஞ்சுக்கு மூச்சு அதிகம் தேவை. துளை திறந்தே இருக்கட்டும், தட்டைப் பெரிதாக்குங்கள், அதுவும் போதாவிட்டால் ஸ்பாஞ்சைச் சேருங்கள். முதல் குஞ்சு வெளியே வந்ததும் அதன் ஈர உடம்பே ஈரப்பதத்தை 80-க்கு ஏற்றும். பயந்து திறக்க வேண்டாம், ரோமம் காய்ந்தால் தானாக இறங்கும். முதல் கொத்தலிலிருந்து வெளியே வர 12 மணி நேரம் ஆகலாம், 24-கூட ஆகலாம். இந்த நேரத்தில் நம் கை அரிக்கும். டார்ச்சை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை: கடைசி மூன்று நாளைக் கோழியிடமே விடுவது. வீட்டில் அதே சமயம் அடையில் உட்கார்ந்த கோழி இருந்தால் 18-ஆம் நாள் ராத்திரி இருட்டில் பத்து, பன்னிரண்டு முட்டையை அதன் அடியில் தள்ளிவிடலாம். ஈரப்பதம், கரண்ட், சென்சார் எதைப் பற்றியும் அது யோசிக்காது. பொரித்த குஞ்சை வளர்ப்பதும் அதன் வேலை, குஞ்சுக்குச் சூடு தரும் ப்ரூடர் பல்பு நமக்கு மிச்சம். ஆனால் உங்கள் தேதிக்கு எந்தக் கோழியும் அடையில் உட்காராது. புதிதாக முட்டையிட ஆரம்பித்த கோழியை நம்பி இதைச் செய்யாதீர்கள், நடுவில் எழுந்து போய்விடும்.

கோடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மொட்டைமாடி அறையில் சித்திரை மத்தியானம் 40 தாண்டும். இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அங்கே எந்த ஈரப்பத முறையும் பலிக்காது. தரைத்தளத்தில், சுவர் வெயில் படாத அறைக்குப் பெட்டியை இறக்குங்கள். முட்டை சேர்த்து வைப்பதும் அங்கேதான். 35 டிகிரி அறையில் பத்து நாள் கிடந்த முட்டை வைப்பதற்கு முன்பே பாதி காய்ந்து, கருவும் அரைகுறையாகக் கிளம்பிக் கெட்டிருக்கும். கோடையில் நான் ஐந்து நாளுக்கு மேல் சேர்ப்பதில்லை.

இப்போது வாங்கப் போகிறீர்கள், 24 முதல் 50 முட்டை வரைதான் வைப்பீர்கள் என்றால் விசிறி உள்ள சாதாரணப் பெட்டி, தனியாக ஒரு ஈரப்பதமானி, ஒரு கிராம் தராசு, மூன்று அளவுத் தட்டு, ஒரு ட்ரிப் ட்யூப். மிஸ்ட் மேக்கருக்கு ஒதுக்கிய காசில் பேட்டரியோ இன்வெர்ட்டரோ வாங்குங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் இல்லாமல் ஆரம்பியுங்கள். கோடையில் சட்னிக் கிண்ணத்தில் ஆரம்பியுங்கள். மீதியை ஏழாம் நாள் தராசு சொல்லும். நூறு முட்டைக்கு மேல், வருஷம் முழுக்க, விற்பனைக்கு என்றால் கணக்கு வேறு. அப்போது கருவியும் மிஸ்ட் மேக்கரும் வாங்குங்கள், கூடவே உதிரியாக ஒரு வட்டும்.

பொரித்த குஞ்சுகளை உடனே அள்ள அவசரப்பட வேண்டாம். உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளைக்கு அவற்றுக்குப் பசி தெரியாமல் பார்த்துக்கொள்ளும். ரோமம் பஞ்சு மாதிரி உப்பிய பிறகு ஒரே தடவையாக மூடியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தட்டையும் ஸ்பாஞ்சையும் அன்றைக்கே கழுவி, பெட்டியைத் திறந்தபடி ஒரு பகல் முழுக்க மொட்டைமாடி வெயிலில் போடுங்கள். அதற்கு மட்டும் அந்த மாடி நல்ல இடம்.